கல்லுக்காட்டில் ராகுகாலம்

ஜூலை 6, ஞாயிறு

இந்த டைரி, மஞ்சள் மண்டிக்காரர் புது வருஷத்துக்குக் கொடுத்தது. தினமும் சர்க்கரை அளவை எழுதி வையுங்கள் என்று டாக்டரம்மா சொன்னதால் எடுத்து வைத்தேன். காலையில் 142. எழுதியாயிற்று. மீதிப் பக்கம் வெறுமனே கிடக்கிறது, வீணாக்குவானேன்?

இன்றைக்கு நல்ல சேதி ஒன்று உண்டு. மகள் மிருதுளாவுக்கு ஐந்தாம் மாதம் பிறந்துவிட்டது. ஏழாம் மாதம் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கோபிக்குப் போய் அவளை ஈரோட்டுக்குக் கூட்டி வர வேண்டும். வந்தால் அவளுடைய அறை வேண்டுமல்லவா? அந்த அறையில்தான் நான்கு வருடமாக என் வீட்டுக்காரர் ரயில் விட்டுக்கொண்டிருக்கிறார்.

வாரமெல்லாம் கடையில் தையல் மெஷின் சாமான் விற்கிற மனுஷன், ஞாயிற்றுக்கிழமை ஆனால் உள்ளங்கை நீள எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிறார். இடுப்பு உயரத்தில் பலகை அடித்து, நாலு சுவரையும் சுற்றித் தண்டவாளம். கதவுப் பக்கம் ஒரு தூக்குப் பாலம். குனிந்துதான் உள்ளே போக வேண்டும், கூட்டிப் பெருக்குகிறவளுக்குத்தான் தெரியும் அந்தக் கஷ்டம். பூவம்பாளையம், கல்லுக்காடு என்று இரண்டு ஸ்டேஷன்கள். உலகத்தில் எங்கும் இல்லாத ஊர்கள், இவராக வைத்த பெயர்.

மிருதுளா கல்யாணமாகிப் போன மறுவாரமே பலகை வந்து இறங்கியது. "அவ பிரசவத்துக்கு வந்தான்னா ஒரே நாள்ல கழட்டிர்றேன் அம்மிணி" என்று அன்றைக்குச் சொன்னார். இன்று அதை ஞாபகப்படுத்தினேன். சண்டைக்குத் தயாராகத்தான் நின்றேன். "சரி" என்று சொல்லிவிட்டு இன்னொரு தோசை கேட்டார். அவ்வளவுதான். எனக்கு ஒரே சந்தோஷம்.

ஜூலை 9, புதன்

138. அறைக்கு வெளிர்பச்சை பெயின்ட் அடிப்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

ஞாயிறு என்றால் இரண்டு பேர் வருவார்கள். ஜெகன்மோகன், பல் டாக்டர், என்னைவிடச் சின்னவர். வஹாப் பாய், ஜமுக்காள வியாபாரி. மூன்றாவதாக வந்துகொண்டிருந்த பேங்க்காரர் போன மாதம் மாற்றலாகி ஓசூர் போய்விட்டார். அவர்தான் கல்லுக்காட்டு ஸ்டேஷன் மாஸ்டர்.

இப்போது இவரையும் சேர்த்து மூன்று பேரும் விளையாடுவது ஒரே ரயில். ஆனால் மூன்று விதம். இவருக்கு எல்லாம் நிஜம்போல நடக்க வேண்டும். அட்டவணை வேண்டும், சிக்னல் வேண்டும். அறைக்கென்றே தனியாக ஒரு கடிகாரம் செய்து மாட்டியிருக்கிறார். வெளியே பத்து நிமிடம் ஆனால் அதில் ஒரு மணி நேரம் ஓடிவிடும். காலை பத்து மணிக்கு ஆரம்பிக்கும்போது அதில் மணி ஆறு. பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட எழுந்திருக்கும்போது அதில் சாயங்காலம் ஆறாகியிருக்கும். ஒரு முழுப் பகலின் வண்டிகளும் ஓடி முடிந்திருக்கும். டாக்டருக்கு இதெல்லாம் தலைவலி. அவருக்கு ரயில் ஓட வேண்டும், பார்க்க வேண்டும். கரி எஞ்சினுக்குப் பின்னால் பளபளவென்று புதுக்காலத்துப் பெட்டிகளை மாட்டி விர்ரென்று சுற்ற விடுவார். வஹாப் பாய்க்குச் சரக்கு முக்கியம். மஞ்சள் மூட்டைப் பெட்டி கிளம்பின இடமும் இறங்கின இடமும் சரியாக இருந்தால் போதும், எஞ்சின் ஊதா நிறத்தில் இருந்தாலும் கேட்க மாட்டார்.

கல்லுக்காட்டுக்கு ஆள் இல்லாததால் இன்றைக்கு டாக்டர் வைத்ததுதான் சட்டம். சரக்கு வண்டி நிற்கிற தண்டவாளத்திலேயே அவருடைய வண்டி வந்து முட்டி, மூட்டையெல்லாம் கீழே. இவர் முகம் சுருங்கிப்போயிற்று. பிறகு சமையலறை வாசலில் வந்து நின்றார். ஒரு ஞாயிறு மட்டும் கல்லுக்காட்டில் உட்கார முடியுமா என்று கேட்டார். கழற்றப்போகிற சாமான்தானே, போனால் போகிறது என்று சின்ன வெங்காயத்தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

வேலை இதுதான். பூவம்பாளையத்திலிருந்து இவர் போனில் கூப்பிட்டு, வண்டி வரலாமா என்று கேட்பார். பாதை காலியாக இருந்தால் நான் என்னிடமுள்ள தாளிலிருந்து அடுத்த நம்பரைச் சொல்லி, அதை அடித்துவிட வேண்டும். அந்த நம்பர் இல்லாமல் வண்டி கிளம்பக் கூடாது. நிஜ ஸ்டேஷன்களிலும் இப்படித்தானாம்.

"ஏனுங்க, நாலு எட்டு வெச்சா எதுத்த ஸ்டேஷனு. திரும்பிப் பாத்தா வண்டி தெரியுது. இதுக்கு எதுக்குங்க போனு?" என்றேன்.

"ஸ்டேஷன் மாஸ்டருக்கு அடுத்த ஸ்டேஷன் தெரியக் கூடாது அம்மிணி" என்றார், கல்யாண மண்டபத்தில்கூட அவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை.

வஹாப் பாய் உடனே ஸ்கூட்டரிலிருந்து ஒரு ஜமுக்காளத்தை எடுத்து வந்து அறை நடுவே கட்டிவிட்டார். பைத்தியக்காரக் கூட்டம்.

ஜூலை 14, திங்கள்

சரக்கு வண்டி நேற்று கல்லுக்காட்டுக்கு வெளியே வெகுநேரம் நின்றது, நான் வெங்காயத்தை வைத்துவிட்டு நம்பர் தாளைத் தேடியதால். என்னைக் குறை சொல்ல முடியாது. தாளை வைக்க ஒரு கிளிப் அட்டை வேண்டும்.

ஜூலை 20, ஞாயிறு

131. கிளிப் அட்டை வாங்கினேன். ஜவுளிக்கடைக்குப் போன வழியில் இருந்தது, அதனால்.

ஆள் கிடைக்கும்வரை இன்னொரு ஞாயிறு என்று கெஞ்சினார். முழங்கால் வலிக்கு உட்கார்ந்து செய்கிற வேலை நல்லதுதான் என்று போனேன். பதினோரு மணி இருக்கும். டாக்டர் வண்டி கேட்காமல் கொள்ளாமல் ஜமுக்காளத்துக்கு அடியில் பாய்ந்து வந்தது. சிக்னலைச் சிவப்பாக்கினேன். சிக்னல் சிவப்பானால் அந்த இடத்துத் தண்டவாளத்தில் கரண்ட் நின்றுவிடும். வண்டி படக்கென்று நின்றது.

டாக்டர் ஜமுக்காளத்தை விலக்கித் தலையை நீட்டினார். "அக்கா, இது பொம்மைங்க்கா."

"பொம்மையாவே இருக்கட்டுங்க. நம்பர் வாங்காம எங்க ஸ்டேஷனுக்குள்ள வர முடியாதுங்க."

'எங்க ஸ்டேஷன்' என்று எப்படி வந்தது என்று தெரியவில்லை. வாய்தானே, வந்துவிட்டது. டாக்டர் திரும்பிப் போய் போனில் முறையாகக் கேட்டார். உடனே கொடுக்கவில்லை. கொஞ்சம் காக்க வைத்துத்தான் கொடுத்தேன். ஜமுக்காளத்துக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது.

ஜூலை 27, ஞாயிறு

இன்றைக்கு ஒரு நியாயத்தைக் கேட்டுவிட்டேன். மூன்று வாரமாகப் பார்க்கிறேன், எல்லா வண்டியும் அட்டவணைப்படி டாண் டாண் என்று வருகிறது. இது என்ன நிஜம்? ஐம்பத்தேழு வயதாகிறது எனக்கு, பிளாட்பாரத்தில் உட்கார்ந்து பட்டாணி தின்னாத பயணம் உண்டா? நிஜம் வேண்டும் என்றால் வண்டி தாமதமாக வர வேண்டும் என்று சொன்னேன்.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நானே போய் எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்து வந்தேன். காலண்டர் தாளைக் கிழித்துச் சீட்டு எழுதினேன். மாடு குறுக்கே வந்தது. யாரோ சங்கிலியை இழுத்தார்கள். எதிர் வண்டிக்காகக் காத்திருப்பு. மழையில் மரம் விழுந்தது. பாதிச் சீட்டு வெறுமை. ஒவ்வொரு வண்டி கிளம்பும்போதும் ஒரு சீட்டு எடுக்க வேண்டும். வந்ததை அனுபவிக்க வேண்டும். டிரைவர் டீ குடிக்கப் போய்விட்டார் என்று எழுதியதை மட்டும் இவர் ஒப்புக்கொள்ளவில்லை. வாக்குவாதம் செய்து அதையும் டம்ளரில் போட்டேன்.

அப்புறம் பார்க்க வேண்டுமே. ஒரு மாடு வந்ததில் மூன்று வண்டிகளின் கதையே மாறிப்போயிற்று. எதை முதலில் விடுவது, எதை நிறுத்துவது என்று எனக்கு வேர்த்துவிட்டது. டாக்டரே சாப்பாட்டை மறந்து, "அக்கா, என் வண்டிய எப்ப விடுவீங்க" என்று நின்றார். ரசம் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்ததை யாரும் கவனிக்கவில்லை. சர்க்கரை பார்க்க மறந்துவிட்டது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. காவிரிக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, புளிச்சோறும் தேங்காய்ச்சோறும் கரையிலேயே சாப்பிடுவதுதான் வழக்கம். வெயில் அதிகமாக இருந்ததால் சீக்கிரம் திரும்பினோம். பத்து மணிக்கு வீட்டில் இருந்தோம். வெயில்தான் காரணம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஒரு நல்ல ஏற்பாடு ஆகியிருக்கிறது. கழற்றுகிற ரயிலை டாக்டரே எடுத்துக்கொள்கிறாராம். கிளினிக்கில் பல் பிடுங்க வரும் குழந்தைகள் அழாமல் இருக்க, கூடத்தில் சுற்ற விடப்போகிறார். நம்பர் கிடையாது, நிறுத்தம் கிடையாது. சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். கல்லுக்காட்டுக் கட்டடத்தை அங்கே வைக்க இடமில்லை என்றார். பரவாயில்லை. இவரும் பரவாயில்லை என்றார். எல்லாருக்கும் பரவாயில்லை.

மத்தியானம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கத்தரிக்காய் கசந்துவிட்டது போல.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மானம் போயிற்று.

ஆவணி பிறந்த முதல் நாள். கட்டுச்சோற்றுக்கு நாள் பேச, கோபியிலிருந்து சம்பந்தி வசந்தாமணி அக்கா போன் செய்தார்கள். நான் கல்லுக்காட்டில் இருந்தேன். ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு வண்டி நம்பருக்கு நிற்கிறது, மரம் விழுந்து இன்னொன்று பாதியில் நிற்கிறது. ஜன்னலெல்லாம் சாத்தி டியூப்லைட் போட்டிருந்தோம். நல்ல காரியம் பேசுமுன் நேரம் பார்ப்பது வழக்கமாயிற்றே, நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஐந்து. ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு ராகுகாலம்.

"ராகுகாலம் நடக்குதுங்க்கா, இப்பப் பேச வேண்டாம். ஆறு மணி தாண்டி நானே கூப்பிடுறனுங்க" என்று வைத்துவிட்டேன்.

நிஜத்தில் மணி பன்னிரண்டாக இன்னும் பத்து நிமிடம். பன்னிரண்டுக்கு எமகண்டம் பிறந்துவிடும், அதற்குள் பேசிவிட வேண்டும் என்றுதான் அவர்கள் அவசரமாகக் கூப்பிட்டதே.

இதோடு போயிற்றா? அறைக் கடிகாரத்தில் ஆறடித்ததும், சொன்ன சொல் தவறக் கூடாது என்று கூப்பிட்டேன். எமகண்டம் பிறந்து அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அவர்கள் எடுத்ததும் 'கல்லுக்காடு' என்று வேறு சொல்லித் தொலைத்தேன். "சரிங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று வைத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

151. ஏறாமல் என்ன செய்யும்?

மிருதுளா கூப்பிட்டாள். அழுத குரல். "ஏம்மா, நான் வர்றது உனக்கு இடைஞ்சலா இருக்குதா? ரயிலக் கழட்ட மனசில்லாமத்தான் நாளத் தள்றீங்கன்னு அத்தை சொல்றாங்க. நான் இங்கயே பெத்துக்கறேன், நீங்க சங்கடப்பட வேண்டாம்."

நான் பெற்ற ஒரே மகள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வராமல் எங்கே போவாள்? பொய் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. அதுதான் என்னை ரொம்பப் பயமுறுத்தியது.

சாயங்காலம் கடையிலிருந்து வந்தவரிடம், இன்றைக்கே கழற்றுங்கள் என்றேன். ஒன்றும் கேட்காமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். முதலில் தூக்குப் பாலத்தைக் கழற்றினார். நான்தான் டார்ச் பிடித்தேன்.

ஆகஸ்ட் 20, புதன்

கோபிக்குப் போய் வந்தோம். போனில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று, சுவரிலிருந்து அந்தக் கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் அதைப் பார்த்து, என்ன மணி என்று கேட்டார்கள். நான் சொல்லவில்லை.

வசந்தாமணி அக்கா தண்ணீர் கொடுத்தார்கள், முகம் கொடுக்கவில்லை. கூடத்து மேஜையில் கடிகாரத்தை வைத்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். மாடு, மரம், ஜமுக்காளம், நம்பர், எல்லாம். இவர் பக்கத்தில் குற்றவாளிபோல உட்கார்ந்திருந்தார். அக்கா முள் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே போய்க் காபி போட்டுக்கொண்டு வந்து மறுபடி பார்த்தார்கள். அதற்குள் அதில் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

"ஏனுங்க சம்பந்தி," என்றார்கள் என் வீட்டுக்காரரிடம், "இந்தக் கடியாரத்தப் பாத்து மாத்திரை முழுங்கிப்போடாதீங்க, ஒரே நாள்ல ஒரு வாரத்து மாத்திரை தீந்துரும்."

சொல்லிவிட்டு அவர்களுக்கே சிரிப்பு தாங்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் அழுதும்விட்டேன். செப்டம்பர் 4, வியாழக்கிழமை என்று நாள் குறித்தோம். என் கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான்.

மிருதுளா கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏம்மா, ஸ்டேஷன் மாஸ்டர் நீயா? அப்பாவக் கொஞ்சமாவா திட்டுவே, இந்தக் கருமத்தத் தூக்கி வீசுங்கன்னு?" என்று கேட்டாள். கழற்ற ஆரம்பித்துவிட்டோம் என்றேன். "எல்லாத்தையும் கழட்டாதீங்க. மூணு மாசம் படுத்துக்கிட்டு நான் என்ன செய்யறது? கல்லுக்காட்ட என் ரூம்லயே விட்டுருங்க, மீதிய ஹாலுக்குக் கொண்டுபோங்க. நடுவுல சுவர் இருக்குதே, ஜமுக்காளமே வேண்டாம்."

அதெல்லாம் முடியவே முடியாது, தூசி, பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

133. சுவர் ஒன்பது அங்குல கனம். ரயில் போகிற அளவுக்கு ஓட்டை போட எலக்ட்ரீஷியன் சனிக்கிழமை வருகிறார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மிஞ்சிய தண்டவாளமும் ஒரு எஞ்சினும் டாக்டர் கிளினிக்குக்குப் போயின. சுற்றிக்கொண்டே இருக்கட்டும், குழந்தைகளுக்கு அதுதான் பிடிக்கும். டாக்டருக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு இங்கே வந்துவிடுவதாகச் சொன்னார். சும்மா சுற்றினால் யாரும் திட்டுவதில்லையாம், சப்பென்று இருக்கிறதாம்.

செப்டம்பர் 4, வியாழன்

கட்டுச்சோறு நல்லபடியாக முடிந்தது. ஏழு வகைச் சோறு, எல்லாம் தீர்ந்துபோயிற்று. மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். வெளிர்பச்சைச் சுவர், கட்டில், மின்விசிறி, ஜன்னலோரம் கைக்கெட்டும் உயரத்தில் கல்லுக்காடு. உட்கார்ந்ததும் சிக்னலைத்தான் தொட்டுப் பார்த்தாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். வயிறு குளிர்ந்துவிட்டது.

செப்டம்பர் 14, ஞாயிறு

கல்லுக்காடு இனி அவளுடையது. என்னைப் பூவம்பாளையத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஸ்டேஷன் மாஸ்டர்களுக்கு மாற்றல் வருவது நிஜத்திலும் உண்டு என்று இவர் சமாதானம் சொல்கிறார். கிளிப் அட்டையை அவளிடம் கொடுத்தேன். கொஞ்சம் வருத்தம்தான், ஒளிப்பானேன். பூவம்பாளையத்தில் டீக்கடை இல்லை; முதலில் அதைக் கட்டச் சொல்ல வேண்டும்.

அவள் ரொம்பக் கறார். பெற்ற தாய் என்றும் பாராமல் நம்பருக்குக் காக்க வைக்கிறாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

சாத்துக்குடிச் சுளைகளைச் சரக்குப் பெட்டியில் ஏற்றி ஸ்பெஷல் விட்டேன். அட்டவணையில் இல்லை என்று வெளியே நிறுத்திவிட்டாள். வஹாப் பாய் சரக்கு கெட்டுப்போகும் என்று வாதாடி உள்ளே அனுப்பினார்.

நவம்பர் 16, ஞாயிறு

இரவு வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து போன் வந்தது. "அம்மா, வருது" என்றாள் மிருதுளா. நான் அட்டவணையைப் பார்த்து, "இப்ப எந்த வண்டியும் இல்லையே, இருபத்தாறாம் தேதிதானே" என்று பாதி ரயிலுக்கும் பாதி டாக்டரம்மா குறித்த தேதிக்கும் சேர்த்து உளறினேன். "ரயில் இல்லம்மா!" என்று அவள் கத்திய பிறகுதான் எழுந்து ஓடினேன்.

டாக்டர்தான் கார் எடுத்தார். போகிற வழியில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. நிஜ கேட், நிஜ ரயில். என் மடியில் தலைவைத்து அவள் வலியில் முனகுகிறாள். சரக்கு வண்டி ஆடி அசைந்து போகிறது, பெட்டி தீரவே இல்லை. டாக்டர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நம்பர் யாரு குடுத்தாங்களோ" என்றார். அந்த வலியிலும் மிருதுளா சிரித்துவிட்டாள். இனிமேல் கேட்டில் நிற்கிறவர்களை நினைக்காமல் எந்த வண்டிக்கும் நம்பர் கொடுக்கமாட்டேன்.

மூன்றேகாலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல். கோபிக்குச் சொன்னோம். எந்தக் கடிகாரத்தில் மூன்றேகால் என்று வசந்தாமணி அக்கா கேட்டார்கள்.

நவம்பர் 17, திங்கள்

குளித்துவிட்டுத் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிளாஸ்கில் வெந்நீர் ஊற்றும்போது டம்ளர் கண்ணில் பட்டது. சீட்டுகளைக் கொட்டிப் பார்த்தேன். மாடு, மரம், சங்கிலி, டீ. அத்தனையும் தாமதமாக வருவதற்கான காரணங்கள். இத்தனை நிஜம் பேசினேனே, முன்னதாக வருவதற்கு ஒரு சீட்டு எழுதத் தோன்றவில்லையே.

காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து எழுதினேன்: நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது, எல்லாச் சிக்னலையும் பச்சையாக்கவும்.

இவர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார். டிரைவர் டீ குடிப்பதற்கே சண்டை போட்ட மனுஷன், இதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சீட்டை வாங்கி மடித்து அவரே டம்ளரில் போட்டார்.

சர்க்கரை இன்னும் பார்க்கவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.